அன்று அங்கே மணி எட்டு

ஜனவரி 12

தம்பிக்கு,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் இதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். தும்மல் வந்தாலே நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிற ஆள் நீ. உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே உன் மாமாவுக்குச் சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது. என் மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் செவ்வாய், வியாழன், சனி மதியத்தில் ஆஸ்பத்திரி நாற்காலியில் நாலு மணி நேரம் டயாலிசிஸுக்கு உட்காருகிறேன். மற்ற நேரமெல்லாம் டிப்போவில் அதே டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி எழுதியே என் விரல் வளைந்துவிட்டது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வந்தவுடன், "அக்கா, சரியா கேக்கல, கட் ஆகுது" என்கிறாய். காகிதம் கட் ஆகாது.

விஷயம் இதுதான். போன வருஷம் இங்கே வந்திருந்தபோது முப்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்று, "யாரும் கவலைப்படாதீங்க. அக்கா, என் கிட்னிய எடுத்துக்கோ" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் அழுதேன், வெட்கக்கேடு. அங்கே நீ கொடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. பொருந்துகிறதாம். இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. ஆஸ்பத்திரிக் கமிட்டி உன்னோடு வீடியோவில் தனியாகப் பேச வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் கொடுக்கிறேன் என்று உன் வாயால் நீ சொல்ல வேண்டும். மார்ச் 27, வியாழன், இங்கே மாலை நாலு மணி.

இன்னொன்றையும் தெரிந்துகொள். கொடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டதால், இறந்தவர்களிடமிருந்து பெறுகிறவர்களின் வரிசையில் என் பெயரைச் சேர்க்கவில்லை. அந்த வரிசையே மூன்று நான்கு வருஷம் நீளமாம். எனக்கு வரிசை என்றால் இப்போதைக்கு நீ ஒருத்தன்தான்.

இங்கே நாலு மணி என்றால் உனக்கு எத்தனை மணி என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். அதில் இப்போது எனக்கும் பங்கு இருக்கிறது.

அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம். குழந்தைக்கு நாலு பல் வந்துவிட்டது, கண்டதைக் கடிக்கிறான். குளிரைத் தவிர வேறு குறையில்லை. உன் உடம்பும் மாமாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

நேரத்தைப் பற்றி நீ என்னிடம் விசாரித்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்? பல ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கூட்டம் போடுவதற்கான நாட்காட்டி மென்பொருளில், நேரக் கணக்கை எழுதுவதே எங்கள் குழுதான். கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா?

டிப்போவுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு நேரம் உண்டு. ஒவ்வொரு ஊரும் அதற்கு இத்தனை மணி முன்னே அல்லது பின்னே. தாத்தா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த உன் ஊர் எட்டு மணி நேரம் முன்னே. என் ஊர் பொது நேரத்தோடு ஒட்டியே இருக்கிறது. ஆகவே உன் மணியிலிருந்து எட்டைக் கழி. உனக்கு மாலை நாலு, எனக்குக் காலை எட்டு. இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு கடிதம், ஒரு தபால்தலை, பதினைந்து நாள். ஒரு கடிகாரம் வாங்கி எட்டு மணி நேரம் பின்னால் வைத்துச் சுவரில் மாட்டிவிடு, உனக்குக் குழப்பமே வராது.

மார்ச் 27, காலை எட்டு. நான் இருப்பேன். மறந்துபோக நான் என்ன உங்கள் டிரைவரா?

மாமாவைக் கேட்டதாகச் சொல். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி

பிப்ரவரி 16

மேதாவித் தம்பிக்கு,

குழந்தை கண்டதைக் கடிக்கிறான் என்று படித்தேன். உன் ரத்தம்தானே, பத்து வயதுவரை நீ பென்சிலைக் கடித்தாய். மாமா சௌக்கியம். எனக்கு ஊசி குத்துகிற கையில் கொஞ்சம் வீக்கம், வேறொன்றுமில்லை.

நீ சொன்னபடி கடிகாரம் வாங்கி டிப்போ அறையில் என் மேஜைக்கு எதிரே மாட்டிவிட்டேன். எங்கள் கடிகாரம் ஒன்று, உன் கடிகாரம் ஒன்று. கண்டக்டர்கள் விடுவார்களா? "என்னக்கா, நமக்கு டூட்டி எந்த கடிகாரத்துல? அதுல பாத்தா நான் இன்னும் தூங்கிட்டு இருக்கணுமே" என்று ஒருவர். "உன் மூஞ்சிக்கு ரெண்டுலயும் லேட்டுதான்" என்றேன். இங்கே என் பெயர் என்ன தெரியுமா? 'நிமிஷம்'. "நிமிஷம் வருது, பீடிய அணை" என்பார்கள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

என் மேஜையில் ஒரு பதிவேடு இருக்கிறது. தேதி, பஸ் எண், எத்தனை நிமிஷத் தாமதம், கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தை நான்தான் நிரப்புகிறேன். டயர் பஞ்சர், ரயில்வே கேட், வழியில் ஊர்வலம், மாடு படுத்திருந்தது. 'பத்து நிமிஷம்' என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவர் ஒருவர் இருக்கிறார். ஒரு மாதமாகத் தினமும் பத்து நிமிஷத் தாமதம், தினமும் புதுக் காரணம். ஒரே காரணத்தை இரண்டு தடவை சொன்னதில்லை, அந்த மட்டும் மனுஷன் உழைக்கிறார். சாக்கு என்றால் எனக்கு வாசனையிலேயே தெரியும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே எங்கள் டிரைவர்களைப் பற்றி நீ பேசாதே. அவர்கள் தாமதமாகவாவது வந்து சேருகிறார்கள். மார்ச் 27, உனக்கு எட்டு, எனக்கு நாலு. அன்று டயாலிசிஸ் நாற்காலியில்தான் இருப்பேன். கமிட்டி அறை நேர் மேல்மாடியில்.

குளிரில் வெளியே சுற்றாதே. சளி பிடித்தால் டாக்டர்கள் தேதியைத் தள்ளிவிடுவார்கள்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை வீக்கம் வடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே குழந்தைக்கு லேசான காய்ச்சல் வந்து போய்விட்டது. மற்றபடி சுகம்.

27ஆம் தேதி நடந்ததற்கு நீ என்மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. எட்டு மணிக்கு முன்பே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு ஆயிற்று, எட்டேகால் ஆயிற்று, எட்டரையும் ஆயிற்று. ஒருவரும் கூப்பிடவில்லை. எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பது? அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே கூட்டத்தில் போனை அணைத்து வைத்திருந்தேன். பிறகுதான் விஷயம் உறைத்தது.

உன் ஊரில் நேரம் வருஷம் முழுவதும் ஒன்றுதான். என் ஊரில் அப்படியில்லை. வசந்தம் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்போம். இலையுதிர் காலத்தில் மறுபடி பின்னால். 27க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே தள்ளியாகிவிட்டது. ஆகவே நமக்குள் வித்தியாசம் அன்று எட்டு இல்லை, ஏழு. உங்கள் நாலு மணி எனக்கு ஒன்பது. நான் எட்டுக்கு உட்கார்ந்தேன், அவர்கள் ஒன்பதுக்கு அழைத்திருக்கிறார்கள்.

ஜனவரியில் நான் சொன்ன எட்டு, ஜனவரிக்குச் சரி. அதை அப்படியே மார்ச்சுக்கும் நீட்டியது உங்கள் தப்பு. வித்தியாசத்தை ஒரே எண்ணாக ஆணியடித்து வைத்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தவன்கூட இதைச் செய்ய மாட்டான். போகட்டும், ஆனைக்கும் அடி சறுக்கும். அடுத்த தேதி வாங்கி எழுது.

மகளுக்கு என் வாழ்த்து. நீ மனதைத் தளர விடாதே.

உன் தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

குழந்தையின் காய்ச்சல் போனது நல்லது. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

உன் பாடம் கிடைத்தது. ஜனவரியில் சொன்னது ஜனவரிக்கு மட்டும்தான் என்று ஜனவரியிலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உனக்குக் கூடமும் கோணல், பார்க்க வந்தவர்களும் கோணல்.

புதுத் தேதி மே 22, வியாழன். இங்கே நாலு, உனக்கு ஒன்பது. ஆஸ்பத்திரியில் இந்த வேலையைப் பார்க்கிற அம்மாவிடம் கேட்டே எழுதுகிறேன். அரை மணி முன்னால் உன் போனுக்குச் செய்தியும் அனுப்புவார்களாம்.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஊரில் கடிகாரத்தைத் தள்ளியது எந்தத் தேதி? ஞாயிறு என்று எழுதியிருக்கிறாய், தேதி எழுதவில்லை. பதிவேட்டுப் பழக்கம், தேதி இல்லாத வரியை என்னால் மூட முடியாது.

உன் வீட்டுக்காரியை விசாரித்தேன் என்று சொல்.

அக்கா

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். வெயில் வந்துவிட்டது, குழந்தை நடக்கிறான். நீ களைப்பாக இருப்பதாக மாமா போனில் சொன்னார். ஓய்வெடு.

இந்த முறை எந்தக் குழப்பத்துக்கும் இடமில்லை. உன் ஊரின் நேரம் மாறுவதே இல்லை அல்லவா? அதனால் என் நாட்காட்டியில் உன் பக்கத்தை நிலையான நேரமாகவே பூட்டிவிட்டேன். பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னே, கோடையோ குளிரோ அசையாது. என் பக்கத்து மாற்றத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். மே 22 நாலு மணி என்று போட்டாகிவிட்டது. தானாக மணியடித்து என்னை உட்கார வைக்கும். நீ கடிகாரம், கணக்கு என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அது உன் வேலை இல்லை.

அத்தனை பேருக்கும் என் அன்பு.

உன் தம்பி

மே 22

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்பது தெரிகிறது.

நாலு மணிக்கு அடித்தார்கள். நாலு பத்துக்கு அடித்தார்கள். நாலு இருபதுக்கு அடித்தார்கள். அந்த அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, "எடுக்கலம்மா" என்றார். எனக்கு அப்போது இன்னும் ஒன்றரை மணி நேர டயாலிசிஸ் பாக்கி. எழுந்து போகவும் முடியாது.

மூன்றாவது முறையும் தவறினால் உன் பேரில் உள்ள கோப்பை மூடிவிடுவார்களாம். பரிசோதனை எல்லாம் முதலிலிருந்து.

ஏப்ரலில் ஒரு தேதி கேட்டிருந்தேன். இன்னும் வரவில்லை.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மிகவும் சுருக்கமாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே எல்லோரும் சுகம்.

நடந்ததை விளக்கினால் உனக்குப் புரியுமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கணினியில் நிலையான நேரங்களுக்கு என்று பழைய பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒரு விசித்திரம். கூட்டல் எட்டு என்று இருந்தால் எட்டு மணி முன்னே என்றுதானே நினைப்போம்? இல்லை, எட்டு மணி பின்னே என்று அர்த்தம். குறி தலைகீழ். யாரோ எப்போதோ அப்படி வைத்துவிட்டார்கள், மாற்ற முடியாமல் கிடக்கிறது. நான் அவசரத்தில் கூட்டல் எட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உன் ஊரைத் தூக்கி உலகத்தின் அடுத்த பக்கத்தில் வைத்துவிட்டது. காலை ஒன்பதுக்கு அடிக்க வேண்டிய மணி பதினாறு மணி நேரம் கழித்து, மறுநாள் விடியற்காலை ஒன்றுக்கு அடித்தது. இது எங்கள் துறையில் பெரிய ஆட்களே விழுகிற குழி. வேண்டுமானால் விவரம் தெரிந்த யாரையாவது கேட்டுப் பார், டிப்போவில் அப்படி யாரும் இருந்தால்.

மூன்றாவது தேதியைக் கொஞ்சம் தள்ளியே வாங்கு. எனக்கு இங்கே வேலை நெருக்கடி. பதில் போடு.

உன் தம்பி

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி எழுதுவது.

நீங்கள் எழுந்து நடமாடுகிறீர்களா? ஜூலையில் ரத்தத்தில் கிருமி ஏறிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள் என்று மாமா இப்போதுதான் சொன்னார். எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றீர்களாமே. குழந்தை நன்றாக இருக்கிறான்.

நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் அக்கா. இரண்டு மாதமாக உங்கள் கடிதம் வரவில்லை. இவர் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். வெறும் பெட்டி என்றால் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

மார்ச் 27 அன்று காலை இவர் எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது அக்கா. சரியாக எட்டுக்கு அடித்தது. நான் சமையலறை வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தேன். இவர் கையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றது, திரும்ப அடித்தது. மூன்று தடவை. அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அங்க நேரத்த தப்பா போட்டுட்டாங்க" என்றார். மே மாதம் என்னைக் குழந்தையோடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டார். சீக்கிரம் திரும்பிவிட்டேன். படி ஏறும்போதே உள்ளே மணி அடிப்பது கேட்டது.

இவர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் இதைச் சொல்லாமல் இருந்தால் நான் கெட்டவளாகிவிடுவேன் என்று தோன்றியது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மகளுக்கு என் முத்தம்.

ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

நீ, உன் வீட்டுக்காரி, குழந்தை எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதை மட்டும் கிண்டலாக எழுதவில்லை. நான் ஜூலையில் கொஞ்சம் படுத்தேன், எழுந்துவிட்டேன்.

இரண்டு மாதம் பதில் போடாமல் இருந்தது கோபத்தில் அல்ல. நீயாக எழுதுவாய் என்று பார்த்தேன். நீ எழுத மாட்டாய். ஆகவே நானே உன் வரியை நிரப்புகிறேன்.

யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் காலண்டர் போதும். ஆஸ்பத்திரி அம்மாவின் மேஜைக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்த நாட்டில் எந்த ஞாயிறு கடிகாரத்தைத் தள்ளுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. உன் ஊரில் இந்த வருஷம் தள்ளியது மார்ச் 30. நான் அதை ஏப்ரலிலேயே பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் தேதி கேட்டேன். 27ஆம் தேதிக்கும் 30ஆம் தேதிக்கும் நடுவில் மூன்று நாள் இருக்கிறது மேதாவியே. அன்று நமக்குள் வித்தியாசம் எட்டுதான். இங்கே நாலு மணி அடித்தபோது அங்கே மணி எட்டு. நீ எட்டுக்கு உட்கார்ந்தேன் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் மணி உன் முகத்துக்கு நேராக அடித்திருக்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாதுதான். அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று நீதான் பார்க்கவில்லை.

அந்த அம்மாவிடம், நீங்களும் எட்டு மணி வித்தியாசம் என்று ஆணியடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "நாங்க வித்தியாசத்த போடவே மாட்டோம்மா, ஊர் பேரத்தான் போடுவோம். வித்தியாசம் மாறும், ஊர் மாறுமா?" என்றார். பத்தாவதுவரை படித்தவராம். உன் குழுவில் இடம் இருந்தால் சொல், அனுப்பி வைக்கிறேன்.

அப்புறம் அந்தக் கூட்டல் கழித்தல் கதை. டிக்கெட் மெஷின் பழுது பார்க்க வருகிறவரைப் பிடித்துக் கேட்டேன். "நெசம்தான்க்கா, குறி தலைகீழாத்தான் இருக்கும், நானே ஏமாந்திருக்கேன்" என்றார். ஆக அது உண்மை. உண்மையை வைத்தே பொய் சொல்வதற்கு நிஜமாகவே படிப்பு வேண்டும்தான். ஆனால் அரை மணி முன்னால் உன் போனுக்கு வந்த செய்தியை உன் எட்டு முப்பத்திரண்டுக்கு நீ திறந்து பார்த்ததாக அந்த அம்மாவின் போனில் இருக்கிறது. அதற்கு எந்தக் குறி தலைகீழ்?

'பத்து நிமிஷம்' டிரைவரைப் பற்றி எழுதியிருந்தேனே. ஏப்ரலில் ஒரு நாள் அவரை உட்கார வைத்து, பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளி, "காரணத்த நீங்களே எழுதுங்க" என்றேன். பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார். ஜனவரியில் பாலத்து வளைவில் அவர் வண்டியில் ஒரு சைக்கிள்காரர் அடிபட்டிருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறாராம். அதுதான் பத்து நிமிஷம். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" என்றேன். "நீங்க சிரிப்பீங்கன்னு" என்றார். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாளே வேறு தடம் போட்டுக் கொடுத்தேன். இப்போது நேரத்துக்கு வருகிறார்.

நீ பயப்படுகிறாய். ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட பிள்ளை, முப்பது பேர் கை தட்டலில் அதை மறந்துவிட்டு வாய் விட்டுவிட்டாய். பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். வயிற்றைக் கிழித்து எடுப்பது, யாருக்குத்தான் பயம் இருக்காது? கடிகாரத்தின் மேல் பழி போட்டாயே, என்னை முட்டாள் என்று நினைத்தாயே, அதைத்தான் காறித் துப்புகிறேன்.

அந்தக் கமிட்டி உன்னைச் சம்மதிக்க வைக்க உட்காரவில்லை. அங்கே நீ தனியாக, மாட்டேன் என்று சொன்னாலே போதும். எங்களிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். ஏதோ சேரவில்லை என்று மருத்துவக் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். காகிதத்திலேயே அப்படிப் போட்டிருக்கிறது. உனக்கு அனுப்பிய காகிதத்திலும் போட்டிருக்கிறது. உன் பொய்யைவிட எவ்வளவோ நல்ல பொய் ஒன்றை அவர்கள் தயாராக வைத்திருந்தார்கள். நீ ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் கிடைத்திருக்கும். நீ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் எந்த வரிசையிலும் இல்லாமல் நான் நிற்கிறேன்.

கடைசித் தேதி அக்டோபர் 23, வியாழன். இங்கே நாலு, உனக்கு ஒன்பது. உன் ஊரில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது 26. ஆகவே 23 அன்று வித்தியாசம் ஏழுதான், நான் பார்த்துவிட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இன்னொரு தடவை நழுவாதே. எடு. எடுத்து எதையாவது சொல்.

குழந்தையைக் கொஞ்சியதாகச் சொல். உன் வீட்டுக்காரியிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அக்கா

செப்டம்பர் 14

அக்கா,

இங்கே நலம் என்று எழுத வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

நீ எழுதியது எல்லாம் சரி. மணி அடித்தது. என் கை எழவில்லை. ஆபரேஷன் முறையை விளக்கும் காகிதம் ஒன்று வந்திருந்தது, அதைப் படித்த நாளிலிருந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டே தூங்குகிறேன். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன். அதற்கு நீ முட்டாளாக இருப்பதே எனக்கு வசதியாக இருந்தது.

23ஆம் தேதி எடுப்பேன்.

தம்பி

அக்டோபர் 30

தம்பிக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? குழந்தை ஓடுகிறான் என்று மாமாவுக்குப் படம் வந்தது, பார்த்தேன். மாமாவுக்குப் புது மாத்திரை. மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். எனக்குக் கை வீக்கம் வற்றிவிட்டது.

23ஆம் தேதி நாலு மணிக்கு அடித்தார்கள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாயாம். கால் மணி நேரம் பேசினாயாம். என்ன பேசினாய் என்று யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த அம்மா கீழே வந்து என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டார். "ரத்தத்துல ஏதோ ஒண்ணு சேரலயாம்மா. கடைசியா பாத்தப்பதான் தெரிஞ்சுதாம்" என்றார். கண் இமைக்காமல் சொன்னார். பொய் சொன்னால் அப்படிச் சொல்ல வேண்டும், கற்றுக்கொள். நானும் "அடப்பாவமே, பாவம் என் தம்பி, எவ்வளவு ஆசையா இருந்தான்" என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் எனக்காக வருத்தப்பட்டார்.

அன்றே வரிசையில் என் பெயரைச் சேர்த்தார்கள். எண் இருநூற்றுப் பன்னிரண்டு. இதையே நீ மார்ச் 27 அன்று எட்டு மணிக்குச் சொல்லியிருந்தால் ஏழு மாதம் முன்னால் நின்றிருப்பேன். அந்த ஏழு மாதத்தை எந்தக் கடிகாரத்தைத் தள்ளியும் திருப்பித் தர முடியாது. மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. இப்போதைக்கு அந்த வரி காலியாக இருக்கட்டும்.

டிப்போ பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் உனக்கென்று கோடு போட்டு வைத்திருந்தேன். மார்ச் 27, வரவில்லை, காரணம்: கடிகாரம். மே 22, வரவில்லை, காரணம்: கூட்டல் குறி. 23ஆம் தேதிக்கு 'சரியான நேரம்' என்று எழுதிவிட்டுக் கீழே கோடு இழுத்து மூடினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் இத்தனை அழுத்தி எழுதியதில்லை, அடுத்த தாள்வரை பதிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உன் கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். 'பத்து நிமிஷம்' ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குக்கா கழட்டறீங்க? பழகிப்போச்சு" என்றார். கழற்றவில்லை. ஏப்ரலில் ஏழாக்கி வைத்திருந்ததை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினேன். மறுபடியும் வித்தியாசம் எட்டு.

ஞாயிறுதோறும் எனக்கு மாலை நாலு மணிக்கு ஓய்வு. எட்டைக் கழி, அவ்வளவுதான் விஷயம். கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். கூப்பிட்டால் கட் ஆகுது என்று மட்டும் சொல்லாதே.

தண்ணீர் நிறையக் குடி, எனக்கு ஒரு நாளைக்கு மூன்று தம்ளருக்கு மேல் கூடாது என்றிருக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு கிட்னியும் உன்னிடம்தான் இருக்கின்றன.

அக்கா